ஸேஃப்டி வால்வும் என் வயிற்றெரிச்சலும்

சூடேறிய பெல்ட்டின் ரப்பர் வாசனை வந்தால் போதும்... எனக்கு இருபத்து மூன்று வயதாகிவிடும்.

எழுபதுகளில் காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் பஸ் ஷெட்டில் மெக்கானிக்காக இருந்தேன். மொத்தம் ஐந்து பஸ். மூலையில் டயருக்குக் காற்றடிக்க, மோட்டார் பெல்ட்டில் ஓடும் கம்ப்ரஸர், அதன் இரும்பு டேங்க். கிரீஸ் கையைத் துடைக்க, தறி வீடுகளிலிருந்து கழிவு நூல் மூட்டையாக வரும்.

நான் சேர்ந்து மூன்று வருஷம் கழித்து வந்தவன் தேவராஜ். ஐயம்பேட்டைக்காரன், என் வயதுதான். வந்த ஆறாவது மாதமே, முதலாளி உள்ளே நுழையும்போது "தேவராஜ் எங்கப்பா?" என்றுதான் கேட்பார். நான் எதிரிலேயே நின்றுகொண்டிருப்பேன்...

ஒருநாள் டேங்கின் மேலிருந்த ஸேஃப்டி வால்வைக் காட்டி, "இதுக்குள்ள என்னதாம்பா இருக்குது?" என்றார் முதலாளி. நான் வாயைத் திறப்பதற்குள் தேவராஜ் ஆரம்பித்துவிட்டான்.

"பெருசா ஒண்ணுமில்ல மொதலாளி. ஒரு சின்ன தட்டு. அத்த மேலேந்து ஸ்பிரிங் அமுக்கிக்கினு இருக்குது. கீழேந்து காத்து தள்ளுது. காத்து ஜாஸ்தியாயி ஜெயிச்சா தட்டு தூக்கும், புஸ்ஸுனு வெளிய போயிடும். கொறஞ்சதும் ஸ்பிரிங் மூடிக்கும். தொறக்கலன்னு வெச்சுக்கோங்க... டேங்க்கே வெடிச்சிரும்."

முதலாளி அவன் தோளைத் தட்டினார். எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அப்படிச் சொல்ல வந்திருக்காது. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் அந்த வால்வு கசிய ஆரம்பித்தது. டேங்க் நிரம்பவே இல்லை. தேவராஜ் ஒரு பஸ்ஸை ஓட்டிப் பார்க்க ஏனாத்தூர் பக்கம் போயிருந்தான்.

"அவன் வரட்டும், பாத்துக்கலாம்" என்றார் முதலாளி.

சுருக்கென்றது.

"நானே பாக்குறேன் மொதலாளி."

தட்டு உட்காரும் இடத்தில் அழுக்கு. அதைத் தேய்த்துச் சுத்தம் செய்ய நேரமாகும். அதற்குள் அவன் வந்துவிடுவானே! ஸ்பிரிங்குக்கு மேலே இரண்டு வாஷரைப் போட்டு, அது கெட்டியாக அமுக்கும்படி மூடிவிட்டேன். கசிவு நின்றது.

"பரவாயில்லியேபா, நீயும் செய்யிற!"

அந்த 'நீயும்'கூட அன்று இனித்தது.

கொஞ்ச நேரத்தில் டேங்கின் பிரஷர் மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. வால்வு திறக்கவில்லை. ஸ்விட்ச் பக்கத்தில்தான் இருந்தது... ஆனால் முதலாளியும் பக்கத்திலேயே நின்றார். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார். நான் அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்போதுதான் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினான் தேவராஜ். மோட்டார் திணறும் சத்தம் வாசலிலேயே அவனுக்குக் கேட்டுவிட்டது. "தள்ளிப் போங்க மொதலாளி!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து ஸ்விட்சை அணைத்தான். டேங்கின் அடியில் இருந்த குழாயைத் திறந்தான். காற்று அலறிக்கொண்டு வெளியேறியது.

பிறகு வால்வைக் கழற்றினான். இரண்டு வாஷரும் அவன் உள்ளங்கையில் விழுந்தன. என்னைப் பார்த்தான்.

"என்னடா ஆச்சு?" என்றார் முதலாளி.

"தட்டு ஒட்டிக்கினுது மொதலாளி. பழைய வால்வுதானே... சுத்தம் பண்ணிட்றேன்."

வாஷர்கள் அவன் சட்டைப் பைக்குள் போயின. அதன்பிறகு என்னிடம்கூட அவன் அதைப் பற்றிப் பேசவில்லை.

திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அதுவரை அவன் கைவேலையைப் பார்த்துத்தான் எரிந்தது. அன்றிலிருந்து அவன் மனசைப் பார்த்தும் எரிந்தது. சில மாதம் கழித்து மெட்ராஸில் வேலை கிடைத்துப் போனான். ஷெட்டே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வழியனுப்பியது. நான் ஜுரம் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

இப்போது என் மகன் கராஜ் வைத்திருக்கிறான். போன மாதம், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வைத்த கார் ஒன்று வந்தது. ஓட்டிவந்த பையன் ஆக்ஸிலேட்டரை விட்டதும் 'ப்ஷ்ஷ்' என்றது. "ப்ளோ ஆஃப் வால்வு தாத்தா. உள்ள என்னா நடக்குதுனுதான் தெரியல" என்றான்.

"நீ காலை எடுத்தா இன்ஜினுக்குப் போற வழி மூடிக்குதுபா. டர்போ தள்ளுன காத்துக்குப் போக எடமில்ல. அதே நேரம் இன்ஜின் பக்கத்துலேந்து வர்ற சின்ன ஹோஸ் வால்வை மேல உறிஞ்சுது. ஸ்பிரிங் தோத்துப் போயி தொறந்துக்குது. அவ்ளோதான்."

"செம தாத்தா! யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"நானே கத்துக்கினேன்பா."

அந்தக் காலத்தில் ஒரு வால்வைத் தெரிந்துகொள்ள அதைக் கழற்றியாக வேண்டும். இன்று எல்லாம் போனிலேயே தெரிகிறது. காலம் எவ்வளவோ மாறிவிட்டது... நான்தான் மாறவில்லை போல. இதை எழுதும்போதுகூட முதலில் பேரை மறைத்து 'ஒரு நண்பன்' என்றுதான் எழுதினேன். அப்புறம் அதை அழித்துவிட்டு, தேவராஜ் என்று போட்டேன்.