மாடி மாத்திரை, கீழ்வீட்டு மாத்திரை

காலரைப் பிடித்து ஒரே உதறல். சட்டை உட்புறம் வெளியே வந்து மேசையில் விழுகிறது. பக்கத் தையலில் கட்டைவிரல் ஓடி, அக்குளில் நிற்கிறது. "இங்க நூல் விட்டிருக்கு. யாரு மெஷின் இது? வா இங்க!" வருகிறவளுக்குப் பத்தொன்பது வயதானாலும் ஐம்பதானாலும் திட்டு ஒரே அளவுதான். சட்டைத் தொழிற்சாலையின் செக்கிங் மேசையில் இருபத்தாறு வருடமாக நிற்கும் இந்த அம்மாளுக்குத் தையல்காரப் பெண்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அது அவர் காதுக்கும் போயிற்று. "கண்ணாடி சரி, பூதம்னு எவ சொன்னா?" என்று கேட்டாரே தவிர கோபித்துக்கொள்ளவில்லை.

வெளிப்பக்கத்தை அவர் நம்புவதே இல்லை. கடையில் வாளி வாங்கினால் முதலில் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். எந்தச் சட்டையானாலும் உள்ளே தைத்த குட்டி லேபிளைப் படிக்காமல் கையைவிட்டு இறக்கமாட்டார். "மேல பெருசா என்ன வேணா போட்டுக்குவான். உள்ள பொடி எழுத்துல இருக்கு பாரு, அதுதான் நெசம்."

வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகிற வழக்கமில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் அண்ணனை ஒரு எட்டு பார்த்துவிட்டுத்தான் போவார். முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டிய அண்ணன். ஆறு மாதமாக அவருக்கு எல்லாம் தடுமாறுகிறது. சாப்பிட்டதும் சாப்பாடு எங்கே என்கிறார். எழுந்தால் சுவரைப் பிடிக்கிறார். டீ குடிக்கப் போனவர் மூன்றாவது தெருவில் திகைத்து நிற்க, யாரோ கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள்.

அண்ணனுக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் கீழே, இளையவன் மாடியில். தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது யார் முறை என்று தொடங்கிய சண்டையில் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நடுவில், படிக்கட்டை ஒட்டிய அறையில் அப்பா. போன மாதம் ஒரு சாயங்காலம் அந்த அறைக் கதவில் புதுத் தாழ்ப்பாள் மின்னியது. கதவுக்கு வெளிப்பக்கம்.

"சேஃப்டிக்குத்தான் அத்தை. அப்பாவுக்கு மறதி முத்திப்போச்சு. வயசாச்சுல்ல?" என்றான் மூத்தவன்.

"மனுஷன உள்ள தள்ளித் தாழ்ப்பாள் போடுறதுக்குப் பேரு சேஃப்டியா? உங்கப்பா என்ன ஆடா மாடா?"

இளையவனும் மாடியிலிருந்து தலையை நீட்டி, தாழ்ப்பாள் தேவைதான் என்றான். தொட்டி கழுவ ஒத்துப்போகாத பிள்ளைகள் பெற்றவனைப் பூட்டிவைக்க மட்டும் ஒத்துப்போகிறார்கள்! வயசுதான் காரணம் என்ற மேல்பேச்சை அம்மாள் நம்பவில்லை; கூடவே இருந்து பார்ப்பது என்று முடிவு செய்தார்.

மறுநாள் லீவு போட்டார். இருபத்தாறு வருடத்தில் எண்ணிப் பத்து லீவு எடுத்திருப்பார். விடிந்ததும் போய் அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஏழு மணிக்கு மூத்தவன் தண்ணீரும் பிரஷர் மாத்திரையும் கொண்டுவந்தான். அண்ணன் விழுங்கினார். எட்டரைக்கு இளையவன் இறங்கி வந்தான். அவன் கையிலும் தண்ணீர், அவன் கையிலும் மாத்திரை. அண்ணன் அதற்கும் வாயைத் திறந்தார்.

"நில்லுடா!" அம்மாள் அவன் கையைத் தட்டிவிட்டார். "இப்பத்தான உங்கண்ணன் குடுத்துட்டுப் போனான்?"

"அவன் குடுக்கிறானா? எனக்கு யாரு சொன்னா?"

இரண்டு வீட்டிலிருந்தும் மாத்திரை அட்டைகளைப் பிடுங்கிவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மூத்தவன் காட்டியது ஒரு டாக்டரிடம், இளையவன் காட்டியது இன்னொருவரிடம். பெரிய எழுத்தில் பெயர் வேறு, நிறம் வேறு. பின்பக்கம் பொடி எழுத்தை விரல் வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். அச்சு அசலாக ஒன்றே. தெருமுனை மருந்துக் கடைக்காரரும் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே மருந்துதாம்மா, கம்பெனிதான் வேற" என்றார்.

திரும்பி வந்து அண்ணனின் தோளைப் பிடித்து உலுக்கினார். "ரெண்டு பேரும் தராங்கன்னு உனக்குத் தெரியாதா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "மூத்தவன் தந்தத சின்னவன்கிட்ட சொன்னா சண்ட. சின்னவன் தந்தத மூத்தவன்கிட்ட சொன்னாலும் சண்ட. முழுங்கிட்டா வம்பு இல்ல பாரு."

அம்மாள் வாய்விட்டு அழுதது அப்போதுதான். அழுகை பாதியிலேயே கோபமாக மாறி மூத்தவன் காட்டிய டாக்டர் வரைக்கும் போனது. டாக்டர் அண்ணனை உட்காரவைத்து அளந்தார், நிற்கவைத்து அளந்தார். பிரஷர் கிணற்றில் விழுந்த மாதிரி கிடந்தது. "நாலு தடவ இங்க வந்தாரே, என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? வயசு, வயசுன்னு எழுதித் தள்ளினீங்களே!" டாக்டர் இரண்டில் ஒரு மாத்திரையை நிறுத்தினார். மறதியில் எவ்வளவு மருந்தால், எவ்வளவு வயதால் என்று இப்போதே சொல்ல முடியாது, பொறுத்துப் பார்க்கலாம் என்றார்.

பொறுத்துப் பார்த்தார்கள். மூன்று வாரத்தில் சுவரைப் பிடிப்பது நின்றது. தான் ஓட்டிய தடத்தின் நிறுத்தங்களை அண்ணன் வரிசையாகச் சொன்னார், இரண்டை மட்டும் விட்டார். இறந்துபோன மனைவியை எங்கே என்று ஒருமுறை கேட்டார். எல்லாம் திரும்பவில்லை. ஆனால் நேற்று தனியாக நடந்துபோய் டீ குடித்துவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் வீடு வந்து சேர்ந்தார்.

"அப்புறம் எதுக்குடா இன்னும் இந்தத் தாழ்ப்பாள்?"

"போட்டது போட்டபடி இருக்கட்டும் அத்தை. ஒரு பாதுகாப்புக்கு," என்றான் மூத்தவன். மாடிப்படியில் நின்ற இளையவன் தலையாட்டினான்.

அம்மாள் மாடிப்படிக்கு அடியிலிருந்த டூல்ஸ் பெட்டியைத் திறந்து ஸ்க்ரூட்ரைவரை எடுத்து, கதவுக்கு முன் மண்டிபோட்டு உட்கார்ந்தார். நான்கு ஸ்க்ரூவும் கழன்றன. தாழ்ப்பாளை மூத்தவன் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களைத் தானே மடக்கி மூடினார்.

"உனக்கும் ஒரு நாள் வயசாகும். பத்திரமா வச்சிரு."