கல்பாலத்து விசில்

தென்காசிக்கு மேற்கே, குற்றாலம் பஸ் போகும் ரோட்டைத் தாங்கி நிற்கும் கல்பாலம் விக்டோரியா ராணி காலத்தில் கட்டியது என்பார்கள். சிமெண்டு கிடையாது, செதுக்கிய கல்லும் சுண்ணாம்பும்தான். உச்சியில் ஆப்பு மாதிரி இறுகிய ஒரு கல்லை நம்பித்தான் மொத்த வளைவும் நிற்கிறது. அடியில் ஓடிய மீட்டர்கேஜ் சின்ன ரயிலுக்கு அளவாகக் கட்டியது. பெரிய ரயில் வந்த பிறகு பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒண்டக்கூட இடமில்லை. சீசனுக்கு வருகிறவர்களுக்கு அதுவா முக்கியம்? போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்தத் தண்டவாளத்தில் முப்பத்திரண்டு வருடம் நடந்து பழுது பார்த்தவர் நம்பிராஜன். வரும் முப்பதாம் தேதி ஓய்வு. தங்கமான மனிதர்தான், ஆனால் பாலத்துக்கு அடியில் வந்தால், வண்டியே இல்லாத நேரத்திலும் விசிலை நீளமாக ஊதுவார்.

"அண்ணாச்சி, பேயையா ஒதுங்கச் சொல்லுதீங்க?" என்று கூட இருப்பவர்கள் கேலி பேசுவார்கள். சிரித்து மழுப்புவார்.

வளைவில் விரிசல் கண்டால் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வைப்பார்கள். கண்ணாடி உடைந்தால் கல் நகர்கிறது என்று அர்த்தம். பதினோரு வருடத்துக்கு முன், ஒரு சாரல் காலைப்பொழுதில், கூட வேலை பார்த்த பாண்டிராஜ் அப்படி ஒட்டிக்கொண்டிருந்தான். தண்டவாளம் அங்கே திரும்புவதால் உள்ளே நிற்பவனுக்கு வண்டி தெரியாது. வெளியே நின்று பார்த்து ஊத வேண்டியவர் நம்பிராஜன். அவரோ பாவூர்சத்திரத்து மச்சானிடம் போனில் சின்ன வெங்காயத்தின் விலையைக் கேட்டபடி முதுகைத் திருப்பிவிட்டார். இன்ஜின் ஹாரன் அடித்தபோது வண்டி வளைவுக்குள் நுழைந்துவிட்டது.

"ஊதினேன், அவனுக்குக் கேட்கவில்லை" என்று விசாரணையில் சொன்னார். பாண்டிராஜின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். செத்தவன் வந்து மறுக்கவா போகிறான்?

அவன் ஒட்டிய கண்ணாடி இன்னும் உடையவில்லை. அவன் கையெழுத்தில் அதே தேதி. சில காலைகளில் அதில் நம்பிராஜனுக்குத் தன் முகத்துக்குப் பின்னால் இன்னொரு முகமும் தெரிகிறது. இந்தப் பொய்யோடு வீட்டுக்குப் போய் உட்கார அவருக்குப் பயமாக இருந்தது.

பாலத்தை ஒட்டித்தான் பாண்டிராஜின் வீடு. ஒரு நாள் அங்கே போய் நின்றார். அவன் மனைவி பிச்சம்மாள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பிச்சம்மா, அன்னைக்கு நான் விசிலே ஊதல."

அவள் கை நிற்கவில்லை. "தெரியும் அண்ணாச்சி. இங்கனதான துணி காயப் போட்டுட்டு இருந்தேன். வண்டிச் சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு."

"யாருகிட்டயும் சொல்லலையே?"

"சொன்னா அவரு வந்துருவாரா? நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன்." கீரையைக் கீழே வைத்தாள். "அதுக்கப்புறம் தினமும் ஊதுதீங்க. ஒவ்வொரு தடவையும் அவரு ஒதுங்கிட்டாருன்னு நெனச்சு எந்திரிச்சு நிக்கேன். போதும். இனிமே ஊதாதீங்க."

மறுநாள் நம்பிராஜன் விசிலைக் கைக்குள் பொத்திக்கொண்டு பாலத்துக்கு அடியில் நடந்தார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக வளைவு அமைதியாக இருந்தது. பின்னால் சரளைக்கல் நெரிய, இன்னொரு காலடிச் சத்தம் வருவது நன்றாகக் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார்.