ஜிம்மிக்குத் தெரிந்த ஒரு சொல்

பேராதனையில் என் மகள் இருக்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஓர் அல்சேஷன் நாய் இருக்கிறது. 'சிட்' என்றால் உட்காரும். 'கம்' என்றால் வரும். தமிழில் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்காது. "அதுக்கு இங்கிலீஷ் மட்டுந்தான் வெளங்கும் அங்கிள்" என்று அந்த வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் பெருமையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் வளர்த்த நாய்க்கு அரபு தெரியும் ஐயா என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் கிழவனுக்கு மூளை பிசகிவிட்டது என்பார். உங்களிடம் சொல்லலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபது இருபத்தொரு வயதிருக்கும். கடுகண்ணாவையில் கண்டி வீதியோரமாக வாப்பாவின் கடை. கணவாயில் மூச்சு வாங்கி ஏறிவரும் வண்டில்காரர்கள் எங்கள் வாசலில்தான் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவார்கள். சாக்கு, கருவாடு, மாட்டுச் சாணம் எல்லாம் கலந்த ஒரு வாசனை. இப்போதும் எங்காவது கருவாட்டுச் சாக்கைப் பிரித்தால் எனக்கு இருபது வயதாகிவிடும். கடையில் நான் பாதி முதலாளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாப்பா அப்படி நினைக்கவில்லை.

ஜிம்மி வந்தது தோட்டத்துத் துரை பங்களாவிலிருந்து. துரை சீமைக்குப் போவதாக இருந்தார். பங்களா கோக்கி முத்தையா, அதாவது சமையல்காரர், சாமான் வாங்க வந்தபோது கூடைக்குள் அதை வைத்துக் கொண்டுவந்தார். காது தொங்கிய, பழுப்பும் வெள்ளையுமான குட்டி.

"தூக்கிக்கங்க தம்பி. ஆத்தாக்காரி மொசல் புடிக்கிற சாதி. ஜிம்மின்னு கூப்பிட்டா ஓடியாரும்."

வாங்கிவிட்டேன். வாங்கியபிறகுதான் வீடு என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. நாயின் ஈரம் மேலே பட்டால் எங்களுக்கு ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். சமைத்துக்கொண்டிருந்த உம்மா குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து சத்தம் போட்டார். "யா அல்லாஹ், இவனுக்கு என்ன புடிச்சீக்கி!" வாப்பா காசு போடும் மேசை லாச்சியடியிலிருந்து எழும்பவே இல்லை. "கொண்டு போய் உட்டுட்டு வா" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு ஒரு குணம். வேண்டாம் என்றால்தான் வேண்டும். குட்டியை வண்டில் கொட்டகையில் கட்டிவிட்டு நேரே பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் லெப்பையிடம் போனேன். அவர் பயந்த சுபாவம். ஆனால் கேட்டால் மறைக்காமல் சொல்வார். அவரைக் கையோடு கடைக்குக் கூட்டி வந்து, எனக்குச் சொன்னதையே வாப்பாவிடமும் சொல்ல வைத்தேன்.

"வேட்டைக்குப் பழக்கின நாய்ண்டா வெச்சிக்கொள்ளலாம். அனுப்பினாப் போகணும், கூப்பிட்டா நிக்கணும், புடிச்சதத் தின்னப்படாது. பிஸ்மி செல்லி அனுப்பினா அது புடிச்சது ஹலால். பல்லுப் பட்ட எடத்த மண்ணுபோட்டுக் கழுவிக்கொள்ளணும்."

வாப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி. லெப்பை முன்னால செஞ்சி காட்டு. ஒரு வாய் தின்னுச்சிண்டா அண்டைக்கே நாய் வெளிய. பொறகு என்னோட பேச வரப்படாது."

அன்றிலிருந்து பிடித்தது எனக்குப் பைத்தியம். விடிந்ததும் கடை திறப்பதற்குள் வீட்டுக்குப் பின்னாலிருந்த மானாப்புல் மேட்டில் நானும் ஜிம்மியும் நிற்போம். பழைய முயல் தோலுக்குள் வைக்கோலை அடைத்துத் தைத்து, உள்ளே கொச்சிக்காய்த் தூளைத் தூவி வைத்திருந்தேன். கடித்துப் பிய்த்தால் வாய் எரியும். பதமாகக் கவ்வி வந்தால் என் மடியிலிருந்து ஒரு துண்டுக் கருவாடு. அதன் கழுத்திலிருந்து என் இடுப்புக்கு நீளத் தும்புக் கயிறு. 'நில்' என்றதும் நிற்காவிட்டால் கயிற்றை இழுப்பேன். பாதி நாள் அது என்னை இழுத்துக்கொண்டு போய்ப் புல்லில் போட்டது. என் முழங்கையில் இன்றும் அந்தத் தழும்பு இருக்கிறது, நேரில் வந்தால் காட்டுகிறேன்.

நாளைக்கு ஒரு சட்டி கஞ்சி, எலும்பு, உண்ணி பார்த்து எடுப்பது, வேப்பெண்ணெய் தடவுவது, பிறகு கிணற்றடியில் நானே என்னைத் தேய்த்துக் கழுவுவது. நான் குவித்து வைத்த செம்மண் குறையக் குறைய உம்மா பார்த்துக்கொண்டிருப்பார். "மண்ணக் கரச்சே ஊட்டக் கரைக்கப் போறான்" என்பார். திட்டுவார், ஆனால் கறி எலும்பை ஒரு நாளும் வெளியே எறிந்ததில்லை. கொட்டகைப் பக்கமாக ஒரு சிரட்டையில் இருக்கும்.

அனுப்புவதற்கு என்ன சொல் வைப்பது? நான் யோசிக்கவே இல்லை. எப்படியும் அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லித்தானே விட வேண்டும், அதையே சொல்லாக வைத்தேன். அதன் பேரோ ஜிம்மி, இதுவோ பிஸ்மி, காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். 'பிஸ்மில்லாஹ்' என்று நான் முடிக்குமுன்னே, 'பிஸ்மி' என்ற அளவிலேயே பாய்ந்துவிடும். அடடா, என்ன கெட்டித்தனம் என்று நான் பூரித்துப் போனேன்.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் லெப்பையும் வாப்பாவும் மேட்டுக்கு வந்தார்கள். முந்தின நாள் காலையிலிருந்து நாய்க்கு ஒன்றும் போடக் கூடாதென்று வாப்பாவின் கட்டளை. பசியில் தின்னாமல் கொண்டுவந்தால்தான் ஒப்புக்கொள்வாராம். முதல் முயல் எழும்பியதும் விட்டேன், பாதியில் கூப்பிட்டேன், நின்றது. முயல் தப்பிவிட்டது. "நாயும் நிண்டுச்சி, மொசலும் போச்சி" என்றார் வாப்பா.

இரண்டாவது முயல் பற்றைக்குள் புகுந்தது. ஜிம்மியும் புகுந்தது. பற்றை ஆடியது, பிறகு ஆடவில்லை. சத்தமே இல்லை. தின்கிறது, முடிந்தது கதை என்று நான் நினைத்தேன். அப்போது புல்லை விலக்கிக்கொண்டு வந்தான் என் ஜிம்மி. வாயில் முயல், வாயோரமெல்லாம் எச்சில் ஒழுகுகிறது, விலா எலும்பு தெரிய வயிறு ஒட்டிக் கிடக்கிறது. என் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். லெப்பை குனிந்து முயலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ஹலால்" என்றார். வாப்பா "ம்" என்றார். அந்த 'ம்'முக்காக நான் அந்த மேடு முழுக்க உருண்டு வரத் தயாராக இருந்தேன்.

அன்றுதான் முதன்முதலாகச் சங்கிலியை அவிழ்த்து, குசினிக்குப் பின்னால் அதைப் படுக்க விட்டேன். உம்மா முயலை மிளகு போட்டுச் சமைத்திருந்தார். பாயில் உட்கார்ந்து கை கழுவி, வாப்பா வழக்கம்போலக் கணீரென்று "பிஸ்மில்லாஹ்" என்றார். பின்னால் தடதடவென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் ஜிம்மி மேட்டை நோக்கிப் பறக்கிறான்!

என் மடத்தனம் அப்போதுதான் எனக்கே விளங்கியது. முஸ்லிம் வீட்டில் சோறு தின்ன பிஸ்மி, தண்ணீர் குடிக்க பிஸ்மி, கடை திறக்க பிஸ்மி. ஒவ்வொன்றுக்கும் ஜிம்மி மேட்டுக்கு ஓடி, வெறும் வாயோடு நாக்கைத் தொங்கவிட்டுத் திரும்பி வந்தான். வேறு சொல் பழக்கிப் பார்த்தேன். ஊஹூம். உம்மா கொஞ்ச நாளில் முணுமுணுத்துச் சொல்லப் பழகினார். வாப்பா மட்டும் அசையவில்லை. "நாய்க்காக அல்லாட பேர முழுங்கவா?" என்று இன்னும் சத்தமாகச் சொன்னார்.

இப்படியே நாலைந்து வருஷம் ஓடியது. ஒரு மழைக்காலத்தில் பற்றைக்குள் ஒரு காட்டுப்பன்றி ஜிம்மியின் பின்தொடையைக் கிழித்துவிட்டது. சாக்கில் சுற்றித் தூக்கி வந்தேன். சாக்கு ஊசியைச் சுடுநீரில் போட்டெடுத்து நானே தைத்தேன். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துக் கட்டினேன். அசையாமல் கிடந்தால் பிழைக்கும். கொட்டகைக் கூரை ஒழுகியதால் குசினித் தாழ்வாரத்தில்தான் கிடத்த முடிந்தது. மத்தியானம் வாப்பா பிஸ்மி சொன்னார். அந்த நிலையிலும் எழும்பிப் பாய்ந்தது. நாலடி போய் விழுந்தது. தையல் பிரிந்து இரத்தம். திரும்பத் தைத்தேன். கட்டிப்போட்டாலும் திமிறும், இன்னொரு தரம் பிரிந்தால் தைக்கச் சதை இல்லை.

முடிவு கட்டிவிட்டேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன் வாப்பாவிடம் கேட்டே தீருவது. அடித்தாலும் சரி, வீட்டைவிட்டுத் துரத்தினாலும் சரி. சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு உள்ளே போனேன். வாப்பா பாயில் உட்கார்ந்திருந்தார். கை கழுவியாயிற்று. பின்கதவை ஒரு தரம் பார்த்தார். அவருடைய உதடு மட்டும் அசைந்தது. பிறகு சோற்றில் கை வைத்தார். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிற? ஒக்காந்து தின்னு" என்றார். நான் அடுக்கியதெல்லாம் எங்கே போனதோ தெரியாது. அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்து தின்றேன்.

ஜிம்மி பிழைத்தான். நொண்டினான், கிழடானான், இன்னும் சில வருஷம் தாழ்வாரத்திலேயே கிடந்தான். வாப்பா அவனை ஒரு நாளும் தொட்டதில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டதுமில்லை. ஆனால் அந்த வீட்டில் அதன்பிறகு யாரும் சத்தமாக பிஸ்மி சொல்லவில்லை. ஜிம்மியை மேட்டில் புதைத்துவிட்டு வந்த அன்றும் வாப்பாவின் உதடுதான் அசைந்தது. தாம் மௌத்தாகும் வரைக்கும் அப்படித்தான்.

வீதி அகன்று கடையைத் தின்றுவிட்டது. வண்டில்களும் இல்லை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் ஆளில்லை. மேடு முழுக்க வீடுகள். முயல் ஒன்றைக் கண்டு எத்தனையோ காலம். நேற்றிரவு மகள் வீட்டில் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். பேரப்பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு பிஸ்மி கத்தினார்கள். பக்கத்து வீட்டு அல்சேஷன் காதைக்கூட அசைத்திருக்காது.

"வாப்பா, நீங்க பிஸ்மி செல்லல்லயா?" என்று மகள் கேட்டாள்.

"செல்லிட்டன் மகள்" என்றேன். பின்கதவை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சோற்றில் கை வைத்தேன்.