உள்ளே திரும்பிய இருபத்து நான்கு கற்கள்

பேராலயத்துக் குருமார்கள் கல்வெட்டி கோபேருக்கு தெனியே என்ற வெள்ளிக்காசு எழுபத்திரண்டு பாக்கி வைத்திருந்தார்கள். கல்லுக்கு மூன்று வீதம் இருபத்து நான்கு கல். பன்னிரண்டு வருஷப் பாக்கி.

வெட்டிய கல்லில் அவனவன் குறியைக் கொத்த வேண்டும். சனிக்கிழமை கணக்குச் சாமியார் வந்து, கட்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியும் குறிகளை எண்ணிக் கூலி கொடுப்பார். கோபேரின் குறி கோழிக்கால். சுண்ணாம்புச் சட்டி சுமந்து, எவன் தயவும் இல்லாமல் உளி பிடிக்கக் கற்றவன் அவன். அந்தக் கோழிக்காலை ஆயரின் மோதிரத்துக்குச் சமமாக நினைத்தான்.

கல்லைப் பதிக்கிறவன் அவன் தம்பி தியேபோ. கூரை வளைவுக்கு அண்ணன் இழைத்த கற்களின் வழவழப்பில் மயங்கி, குறி கண்ணை உறுத்துமே என்று அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பிப் பதித்துவிட்டான். தெரியாத குறிக்குக் கூலி இல்லை என்றார் சாமியார்.

"அழகா இருக்கட்டுமேன்னுதான் வச்சேண்ணே."

"அந்த அழகையே கஞ்சியில போட்டுக் குடி."

அதன்பின் கோபேர் தம்பியோடு பேசவில்லை. ஒரே சாரத்தில் நின்றார்கள், பட்டாணிக் கஞ்சியை ஆளுக்கொரு மூலையில் குடித்தார்கள்.

தீயில் போன பழைய கோயிலுக்குத் தடித்த சுவர், அரைவட்ட வளைவு, உள்ளே இருட்டு. புது ஆயருக்கோ வெளிச்சம் வேண்டும், பக்கத்து ஊரைவிட உயரம் வேண்டும். வளைவுகளைக் கூராக்கினார்கள். சுவர் இருந்த இடத்தில் கண்ணாடி வைத்தார்கள். தூண்களைத் தள்ளித் தள்ளி நட்டு, பாரத்தை வெளியே ஒல்லியான உதைசுவர்கள்மேல் சாய்த்தார்கள். இடைவெளி அதிகம். பின்னால் நடந்ததற்குப் படித்தவர்கள் ஆயிரம் காரணம் எழுதட்டும், இந்தக் காலத்தில் அந்தக் கட்டடத்தை முப்பது வருஷம் பழுது பார்த்தவன் நான் சொல்கிறேன்.

நவம்பர் கடைசி வெள்ளி, மாலைப் பூசை முடிந்து ஆட்கள் வெளியேறிய நேரம், கூரை இறங்கியது. மேலே விரிசலுக்குச் சுண்ணாம்பு அடைத்துக்கொண்டிருந்த தியேபோவும் அதோடு இறங்கினான்.

பிறகு இரண்டு தூணுக்கு நடுவே இன்னொரு தூண் நட்டு நிமிர்த்த நாற்பது வருஷம் ஆயிற்று. முந்நூறு வருஷம் கழித்து ஏற்றிய கோபுரமும் விழுந்தது. முன்கூடம் இன்றுவரை கட்டவில்லை.

தம்பியைப் புதைத்த மறுநாள் இடிபாட்டில் கோழிக்கால்கள் வானம் பார்த்துக் கிடந்தன. கோபேர் ஒவ்வொன்றாக இழுத்து வந்து வரிசை வைத்தான். சாமியார் பட்டியலோடு வந்து எண்ணினார்.

"இருபத்து மூணுதான் இருக்கு. இருபத்து நாலுன்னுல்ல அன்னைக்குச் சண்டை போட்டே?"

"ஒண்ணு என் தம்பி தலைமாட்டுல இருக்கு, சாமி."

சாமியார் பட்டியலில் இன்னொரு கோடு போட்டார். அதற்கும் சேர்த்தே தருவதாகச் சொன்னார்.

"அதுக்கு வேணாம். அது நான் அவனுக்குக் குடுத்தது."

சுண்ணாம்பில் வெடித்த வலக்கையை நீட்டினான். சாமியார் பையை அவிழ்த்து, ஒவ்வொரு காசாக, வாய்விட்டு எண்ணி, விரிந்த அந்த உள்ளங்கையில் அறுபத்தொன்பது தெனியே வைத்தார்.