பட்டாளத்துக் கத்தி இரண்டு

போனக்காட்டு மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி வழியில், மேலே ஏறி வந்த ஒருவன் என் தோளில் கிடந்த கம்பிளியைப் பார்த்தபடியே நின்றுவிட்டான்.

சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். பர்மாவில் இருந்தானாம். எஸ்டேட் கூலிக்காரர்கள் இருக்கிற லயத்தில்தான் வீடு. மேலே மழை... அவனிடம் கம்பிளி இல்லை. நான் போகிற திருவனந்தபுரத்தில் கம்பிளிக்கு என்ன வேலை? அவன் பையிலிருந்து இரண்டு கத்திகளை எடுத்துக் காட்டினான். கம்பிளி மலை ஏறியது. கத்திகள் என்னோடு இறங்கின.

எஸ்டேட்டை ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். காய்ச்சல். நான் படுத்திருந்த நாட்களில், தேயிலை உலர்த்துகிற அடுப்புக்கு விறகு பிளக்கிற என் வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டான். அவ்வளவுதான்.

கத்திக்கு வருகிறேன்.

நமக்குத் தெரிந்த கத்தி எது? வீட்டில் அரிவாள்மணை, தோட்டத்தில் வெட்டுக்கத்தி, மிஞ்சினால் மடக்கிச் சட்டைப் பையில் போடுகிற பேனாக்கத்தி. இவை அந்த ரகம் இல்லை. மடங்காது. தோல் உறைக்குள் நின்று, இடுப்பு பெல்ட்டில் தொங்கும். ஆளைக் குத்துவதற்கென்றே ஒருவன் உட்கார்ந்து யோசித்துச் செய்தது.

ஒன்று ஒல்லி. இரண்டு பக்கமும் கூர், முனை ஊசி. வெயிலில் மின்னக்கூடாது என்று கறுப்பாக்கியிருந்தார்கள். பித்தளைப் பிடியில் விரல் வழுக்காமலிருக்க வரி வரியாகக் கோடு. எடையே தெரியவில்லை. மற்றது தடி. ஒரு பக்கம்தான் கூர். முதுகு என் சுண்டுவிரல் நக அகலம். மரப்பிடிக்கு மூன்று ஆணி. எருமை மாதிரி இருந்தது.

எனக்கு ஒல்லியைத்தான் பிடித்தது. யாருக்குத்தான் பிடிக்காது?

விதுரை தாண்டி நெடுமங்காடு வரும்வரை நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். வழியில் தொங்கிய கொடியை அறுத்தேன். சட்டையில் நீட்டிக்கொண்டிருந்த நூலை அறுத்தேன். ஒரு வீட்டில் இரண்டு வாழைப்பழம் கொடுத்தார்கள். உரித்துத் தின்கிற பழத்தை அறுத்துத் தின்றேன். புதுக் கத்தி வாங்கியவன் புது மாப்பிள்ளை மாதிரி... எல்லோரும் தன்னையே பார்ப்பதாக நினைப்பு.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் நிஜமாகவே எல்லோரும் பார்த்தார்கள். மூட்டை தூக்க ஆள் வேண்டுமா என்று ஐந்து கடையில் கேட்டேன். ஐந்து கடைக்காரர்களும் என் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்த்தார்கள். ஆள் வேண்டாம் என்றார்கள். கடைசிக் கடைக்காரர் மட்டும் கொஞ்சம் இரக்கப்பட்டு, விழிஞ்ஞம் கடற்கரைக்குப் போ, மடி இழுக்க எப்போதும் கை வேணும், அங்கே யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றார்.

நடந்தேன்.

மடி இழுப்பது என்றால், வள்ளத்தில் போய் வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிறுகளையும் கரைக்குக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு கயிற்றிலும் இருபது பேர் நின்று இழுக்க வேண்டும். கயிற்றில் கை வைத்தவனுக்கெல்லாம் மீனில் பங்கு. ஊர், பேர் கேட்பதில்லை. கடைக்காரர் சொன்னது சரிதான்.

நான் போன அன்று கரையே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பத்து நாளாகக் கடல் சரியில்லாமல் மடியே விடவில்லையாம். வீடுகளில் மரச்சீனிக் கிழங்கு மட்டும்தான் வெந்துகொண்டிருந்தது. அன்றுதான் முதல் மடி. வலைக்கு மேலே பறவைகள் கூட்டமாக இறங்கி இறங்கி எழும்பின. நல்ல மீன் இருக்கிறது என்று அர்த்தம். பெண்கள் கூடைகளோடு வந்து மணலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மடிக்குச் சொந்தக்காரரை எல்லோரும் மூப்பர் என்கிறார்கள். அவர் என்னைக் கயிற்றின் கடைசியில் நிற்கச் சொன்னார். நேற்றிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை, இருந்தும் இழுத்தேன்.

பாதி இழுத்திருப்போம். எங்கள் கயிறு தண்ணீருக்குள் இருந்த பாறையில் மாட்டியது. முன்னால் நின்ற லாசர் என்பவன் அதை எடுத்துவிடத் தண்ணீருக்குள் போனான். அலை தள்ளியதில், அவன் கால் கயிற்றுக்கும் பாறைக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டது. விறைத்து நின்ற கயிறு காலை நெரித்தது. ஒரு அலைக்குத் தலை தெரிந்தது. அடுத்த அலைக்குத் தெரியவில்லை.

மூப்பர் "நடங்கோ" என்றார். இழுத்துக்கொண்டிருந்த இருபது பேரும் கயிற்றோடு கடலைப் பார்த்து நடந்தார்கள்.

அவனைக் காப்பாற்றப் போகிறார்கள், ஆனால் யாரிடமும் கத்தி இல்லை என்று எனக்குத் தோன்றியது. என்னிடம்தான் இரண்டு இருக்கிறதே. கயிற்றை விட்டுவிட்டு அவர்களைத் தாண்டி ஓடினேன். பாறைக்குப் பக்கத்தில் தண்ணீர் மார்பளவுதான். முதலில் ஒல்லியை உருவினேன். நனைந்த கயிற்றில் அது வழுக்கியது. மறுபடி வைத்தேன், இழைகளுக்கு நடுவே புகுந்து சிக்கிக்கொண்டது. பிடுங்கிப் பல்லில் கவ்விக்கொண்டு தடியனை எடுத்தேன்.

தடியன் ஒரே இழுப்பில் பாதிக் கயிறு போனான். அதற்குப் பிறகு கயிறு ஏனோ பின்னல் மாதிரித் துவண்டுவிட்டது. அறுபடவில்லை. இதற்குள் மழுங்கிவிட்டதா என்று நினைத்துக்கொண்டு இன்னும் அழுத்தி அறுத்தேன். யாரோ "மதி, மதி", போதும் என்று தோளில் அடித்தார்கள். அறுத்து முடித்துவிட்டுத்தான் திரும்பினேன்.

லாசர். இருமிக்கொண்டு பக்கத்தில் நின்றான். கால் எப்போதோ வெளியே வந்துவிட்டது.

அங்கே எப்போதும் செய்வதுதானாம் அது. எல்லோரும் பத்தடி முன்னால் நடந்தால் கயிறு தளரும். கால் வெளியே வரும். பிறகு பழையபடி இழுக்கலாம். கத்தியைக் குறை சொன்னேனே... துவண்டது கயிறு.

ஒரு பக்கம் விட்டுப்போனதும் வலை மடங்கிக்கொண்டது. மற்றக் கயிற்றைப் பிடித்து இழுத்தபோது பாசியும் கொஞ்சம் நெத்தலியும் வந்தன. பறவைகள் தெற்கே நகர்ந்து போய்விட்டன. கூடைப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஒருத்தியும் என்னைத் திட்டவில்லை.

மூப்பர் அறுந்த முனையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நல்ல கத்தியாக்கும் ஓய்" என்றார்.

நான் லாசரிடம் போய், உன் காலுக்காகத்தானே செய்தேன் என்றேன். அவன் மணலில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருந்தான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"கால் எனக்குள்ளது அண்ணே. மீன் எல்லாருக்கும் உள்ளதாக்கும்."

கத்தி இரண்டையும் துடைத்து உறையில் செருகினேன்.

அந்தக் கொஞ்சம் நெத்தலியையும் பங்கு போட்டார்கள். நான் நழுவப் பார்த்தேன். மூப்பர் கூப்பிட்டார். கயிற்றில் கை வைத்தவன் பங்கு வாங்காமல் போகக்கூடாதாம். ஒரு கைப்பிடி கொடுத்தார். லாசர் வீட்டு அடுப்பிலேயே சுட்டுத் தின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு மீனும் மிச்சம் வைக்கவில்லை.

உபயோகிக்கத் தெரியாத கத்தி ஆபத்து என்பார்கள். எனக்குக் கத்தியை நன்றாகவே உபயோகிக்கத் தெரிந்திருந்தது. தெரியாதது அந்தக் கயிறும் அதைப் பிடித்திருந்த இருபது பேரும்தான்.

மறுநாள் விடிந்தபோது லாசரின் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. கயிற்றை முறுக்கிச் சேர்த்தாயிற்று, மடி விட வேண்டும், ஒரு ஆள் குறைவு. மூப்பர் என்னைக் கூப்பிட்டு, லாசர் நிற்கிற முன்னிடத்தைக் காட்டினார். இனி பாறையில் கயிறு மாட்டினால் போய் எடுத்துவிட வேண்டியது அந்த இடத்தில் நிற்பவன்தான் என்றும் சொன்னார்.

கத்தி இரண்டையும் லாசர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்க் கயிற்றைப் பிடித்தேன்.