கோபம் ஆகாத உடம்பு

வித்யாலக்ஷ்மி மாமி அலிப்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில், தணிக்கைப் பிரிவில் காலம் தள்ளியவள். தப்பான பில் எதுவும் அவள் மேஜையைத் தாண்டியதில்லை. தாண்ட வைக்கப் பார்த்தவர்கள் வாங்கிக்கட்டிக்கொண்டது அடுத்த மாடி வரைக்கும் கேட்கும்.

ஓய்வு பெற்ற கையோடு கழுத்து பிடித்துக்கொண்டது. தலை சுற்றியது. தூக்கம் போயிற்று. எலும்பு டாக்டர் எலும்பு நன்றாயிருக்கிறது என்றார். இதய டாக்டர் இதயத்துக்கு நற்சான்று கொடுத்தார். நரம்பு டாக்டரும் தம் பங்குக்கு நரம்புகளை மெச்சினார். எல்லா உறுப்பும் நன்றாயிருந்த மாமியால் எழுந்து நிற்கத்தான் முடியவில்லை.

பாலிகஞ்சில் அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, உடம்பையும் மனசையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவமனை ஒன்று இருந்தது. டாக்டர் நந்திதா சின்னப் பெண். கழுத்தைத் தொடவே இல்லை.

"மாஷிமா, உங்களுக்கு யார்மேல கோபம்?" என்று வங்காளியில் கேட்டாள்.

மாமி சொல்ல ஆரம்பித்தாள். பழைய மேலதிகாரியில் தொடங்கி, நாத்தனார் வழியாக, மாடிப்படியில் குப்பை வைக்கிறவர்கள் வரை வந்தபோது டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

"உங்க கழுத்துல இருக்கறது வலி இல்ல, கோபம். அதை விட்டுடுங்க."

எண்ணெய்க் குளியல், பயத்தங்கஞ்சி, மூச்சுப் பயிற்சி, காலையில் மௌனம். சண்டை அறவே கூடாது.

உத்தரவு என்றால் மாமிக்கு உத்தரவுதான். வாயை மூடிக்கொண்டாள். அவள் கணவர் வெங்கடநாராயணன், கல்யாணமான நாளாக முதல் தடவையாகப் பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படித்தார். "பேஷா வேலை செய்யறது!" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் வைத்தியத்தைப் புகழ்ந்தார். மாமிக்கோ தலைசுற்றல் இன்னும் கூடியது.

அந்தச் சமயத்தில்தான் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் சௌமென் பாபு மொட்டை மாடியைப் பூட்டினார். துணி உலர்த்தச் சாவி கேட்டுப் போனாள் மாமி. தணிந்த குரலில்தான் கேட்டாள்.

"டென்ஷன் வேண்டாம் மாஷிமா. உங்க உடம்புக்குக் கோபம் ஆகாதாமே, உங்க வீட்டுக்காரர் சொன்னார்."

மாமி வாளியைக் கீழே வைத்தாள். பிறகு நடந்ததெல்லாம் வங்காளியில் நடந்தது. சங்க விதிகள் வந்த இடத்தில் இங்கிலீஷ், பொறுக்க முடியாத இடத்தில் தமிழ். மாடிக்கு மாடி கதவு திறந்தது. சாவியும் வந்தது. அன்று மத்தியானம் மாமி குறட்டை விட்டுத் தூங்கினாள்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் அவளையே செயலாளராக்கினார்கள்; எதிர்த்து நிற்க யாருக்கும் துணிச்சல் இல்லை. தண்ணீர் மோட்டார், லிஃப்ட், மாடிப்படிக் குப்பை என்று தினம் ஒருவர் அகப்பட்டார். கழுத்து இரண்டு பக்கமும் தாராளமாகத் திரும்பியது.

நந்திதாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தீங்களா, மௌனம் என்ன பண்ணியிருக்குன்னு!"

"மௌனமா? அதுல நான் போய்ச் சேர்ந்திருப்பேன். சண்டை போட்டேன், சரியாச்சு. தப்பா எழுதாதே."

டாக்டர் மறுத்தாள். மாமி விடவில்லை. வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு வாதம் போயிற்று. கடைசியில் டாக்டர்தான் இறங்கி வந்தாள். ஆனால் சண்டை என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. 'சமூக ஈடுபாடு, காலையில்' என்று மருந்துச் சீட்டில் எழுதி நீட்டினாள்.

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"ஒரு வேளை போறாது. சாயங்காலத்துக்கும் சேர்த்துப் போடு."

பக்கத்து நாற்காலியில் வெங்கடநாராயணன் கையிலிருந்த பேப்பரை முதல் பக்கத்திலேயே மடித்து வைத்தார்.