முன்வரிசையில் ஆண்கள், பின்வரிசையில் என் தங்கச்சி

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத் தலைவரே, அந்த அறிவித்தலில் இருந்து 'மார்பகம்' என்ற சொல்லை வெட்டியவர் நீங்கள். வேறு யாரும் இல்லை. பொங்கலில் இருந்து ஆடி வரை என் தங்கச்சி பயத்தோடு படுத்து எழும்பியதற்குக் காரணமும் நீங்கள்தான். நல்லபடியாக முடிந்ததால் ஆறுதலோடு எழுதுகிறேன். கோபம் ஆறவில்லை.

நான் இருப்பது நோர்வேயில், பேர்கன் நகரில். இங்கே நீச்சல் குளத்தில் இறங்குமுன் உடுப்பு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பொதுவான 'டுஷ்' அறையில் சோப் போட்டுக் குளிக்க வேண்டும். பெண்களுக்குத் தனி அறைதான், ஆனால் ஒருவருக்கொருவர் மறைப்பு இல்லை. நானோ உரும்பிராயில் கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு குளித்து வளர்ந்தவள். நெஞ்சுக்கு மேலே துணியை இழுத்து முடிந்து, அதற்கு மேலால் தண்ணீர் வார்த்து, காய்ந்த துணியைச் சுற்றிய பிறகே ஈரத்துணியை விழவிடுவோம். கதவைப் பூட்டிக்கொண்டு தனியே குளித்தாலும் அதே கட்டுத்தான். என் உடம்பை நானே முழுதாகப் பார்த்தது இந்த நாட்டுக்கு வந்த பிறகு.

முதல்நாள் நான் நீச்சலுடையோடு விறைத்துப்போய் நின்றேன். பக்கத்தில் ஒரு வயதான பெண் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு குளித்தார். அவருக்கு ஒரு பக்க மார்பு இல்லை. அந்த இடத்தில் நீளமாக ஒரு தழும்பு. நான் சட்டென்று நிலத்தைப் பார்த்தேன். சோப்பைத் தவறவிட்டுத் தேடுகிறேன் என்று நினைத்து, "வேர்ஸெகூ", இந்தாருங்கள் என்று தன் சோப்பை நீட்டினார். எனக்கு அழுகை வந்தது. வாசம் பிடிக்கவில்லையாக்கும் என்று வேறொரு சோப்பை எடுத்துத் தந்தார். அவ்வளவுதான். தழும்பைப் பற்றி அவரும் சொல்லவில்லை, வேறு யாரும் திரும்பிப் பார்க்கவுமில்லை. ஐம்பது வயதானபோது அரசாங்கமே என்னை, மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று படமெடுத்துப் பார்க்கும் 'மமோகிராஃபி'க்குக் கூப்பிட்டது. இரண்டு தட்டுகளுக்கு நடுவில் மார்பை வைத்து, இடியப்ப மாவை அமத்துவதுபோல அமத்தினார்கள். நொந்தது. முடிந்தது. பஸ் ஏறி வேலைக்குப் போனேன்.

இதை ஏன் எங்கள் ஊரில் பேசக்கூடாது என்றுதான், இங்கே இருக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் சேர்ந்து போன தையில் ஊரில் ஒரு கருத்தரங்கை ஒழுங்கு செய்தோம். பேச ஒரு பெண் டொக்டர் ஒத்துக்கொண்டார். அறிவித்தலை 'மார்பக நலக் கருத்தரங்கு' என்று எழுதி அனுப்பினோம். நீங்கள் தொலைபேசியில் வந்தீர்கள்.

"பிள்ளை, சொல்லிலை பிழையில்லை. ஆனா உது கோயிலுக்குப் போற றோட்டிலை ஒட்டுறது. பொடியங்கள் வாசிச்சுச் சிரிப்பாங்கள்."

"சிரிச்சா என்ன அண்ணை? உங்கடை மனிசியும் வாசிப்பா தானே."

"அவ உதுகள் வாசிக்கிற ஆள் இல்லை."

கடைசியில் ஒட்டியது 'மாதர் நலக் கருத்தரங்கு' என்று. மாதர் நலம் என்றால் யாரும் வரலாம்தானே? நிர்வாகசபை ஆண்கள் முழுப்பேரும் வந்து முன்வரிசையை நிரப்பினார்கள். விளக்கேற்றினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், ஆளுக்கொரு உரை ஆற்றினார்கள். டொக்டர் பாவம், அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு சீனி வருத்தத்தையும் பிறசரையும் பற்றிப் பேசிவிட்டுப் போனார். எனக்கு அனுப்பிய படங்களில் நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். பின்வரிசையில் என் தங்கச்சி கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

ஏன் அப்படி இருந்தாள் என்பது ஆடியில்தான் தெரிந்தது. அப்பாவுக்கான ஆடி அமாவாசை விரதத்துக்காக ஊருக்குப் போயிருந்தேன். கீரிமலையில், பெண்கள் கேணியில் இருவரும் குறுக்குக்கட்டோடு இறங்கினோம். அவள் இடக்கையை விலாவோடு ஒட்டியே வைத்திருந்தாள்.

"என்னடி, கை நோகுதே?"

"ஒண்டுமில்லை அக்கா."

ஈரத்துணிக்கு மேலால் அவள் இடப்பக்க மார்பைத் தொட்டுப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவில் ஒன்று விரலில் தட்டுப்பட்டது.

"சூட்டுக்கட்டி அக்கா. கத்தாதையுங்கோ, சனம் பாக்குது."

"எப்ப தொடக்கம்?"

"பொங்கலுக்கு முந்தி."

"அந்தக் கருத்தரங்குக்குப் போனனீ தானே? டொக்டரைக் கேட்டிருக்கலாமே!"

"கேப்பமெண்டுதான் போனனான். முன்னுக்குத் தலைவர் அண்ணை. அவரை வச்சுக்கொண்டு என்னெண்டு எழும்பிக் கேக்கிறது? பிள்ளைக்குக் கலியாணமும் பேசுறம். தாய்க்கு உந்த வருத்தமெண்டு கதை பரவினா மாப்பிளை வீட்டார் வாசல் படலையடிக்கும் வராயினம்."

 அடுத்த நாளே ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கான் எடுத்தார்கள். ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அவள் நாள் தவறாமல் எனக்குப் பிட்டு அவித்துத் தந்தாள், தான் ஒரு வாய் தின்னவில்லை. கடைசியில் டொக்டர் சொன்னார்: "பயப்பிட ஒண்டுமில்லை. கூடாத கட்டி இல்லை." அநேகமான கட்டிகள் இப்படித்தானாம். ஆனால் எது எப்படிப்பட்டது என்று நீங்களே தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது, கட்டி தட்டுப்பட்டால் உடனே வந்து காட்டுங்கள் என்றார். வெளியே வந்ததும் தங்கச்சிக்குப் பசி வந்துவிட்டது. யாழ்ப்பாணம் டவுனில் ஒரு ஐஸ்கிறீமை முடித்து, எனக்கு வந்ததையும் இழுத்து வைத்துத் தின்றாள். "இனி நோகாட்டிலும் தடவிப் பாப்பன்," என்று கடைக்காரருக்கும் கேட்கும்படி சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது.

மகளின் கலியாணமும் போன மாதம் நல்லபடியாக முடிந்தது. இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "ஓம், எழுதுங்கோ. என்ரை பேரையும் போடுங்கோ," என்றாள். அவள் பெயர் சுகந்தி.

என் குளியலறையில் கீரிமலையில் கட்டிய அந்தத் துணி தொங்குகிறது. இங்கே அது தேவையில்லை. என்றாலும் சில நாட்களில் அதைக் கட்டிக்கொண்டு குளிக்கிறேன். நீச்சல் குளத்தில் அந்நியர் நடுவே வெறும் உடம்போடு நிற்கப் பழகிய அதே நான்தான். ஊர்க் கட்டுக்குள் கையை விட்டு, இந்த நாடு பழக்கியதுபோல் தடவிப் பார்க்கிறேன்.

வாற தையில் அந்தக் கருத்தரங்கு மறுபடி நடக்கும். வெட்டிய சொல் அறிவித்தலில் பெரிய எழுத்தில் இருக்கும். நானும் வருவேன். இந்த முறை முன்வரிசையில் சுகந்தி இருப்பாள். தலைவரே, பேச்சு தொடங்குமுன் நீங்கள் மைக்கைப் பிடித்து, ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்க, அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்: அந்தச் சொல்லை ஏன் வெட்டினீர்கள்?